பிறந்த சிசுவின் காதில் தமிழ்

சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, எனக்கு என்ன தெரியும் என்றுதான் முதலில் தோன்றியது. நான் டாக்டர் அல்ல. கார் நிக்கோபாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். ஆனால் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். மூத்தவன் விஷயத்தில் ஒரு தவறு செய்தேன். இளையவள் வயிற்றில் இருந்த மாதங்களில் அந்தத் தவறைப் பற்றி நிறையப் படித்தேன். படித்ததை நம்மைப்போல் ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

தவறு இதுதான். 2012-இல் மூத்தவன் பிறந்தபோது நாங்கள் வட இந்தியாவில் ஒரு நகரத்தில் இருந்தோம். வீட்டில் தமிழ், வெளியே ஹிந்தி. ஒன்றரை வயதாகியும் பையன் "அம்மா" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒருவர், நன்றாகப் படித்தவர், "இரண்டு பாஷையைப் போட்டுக் குழந்தையைக் குழப்புகிறீர்கள். ஒன்றை நிறுத்துங்கள்" என்றார். பயந்துபோய் நாங்கள் தமிழை நிறுத்தினோம். இரண்டரை வயதில் பையன் மளமளவென்று ஹிந்தியில் பேசினான். எங்களுக்கு நிம்மதி. அந்த வருடம் சிவகங்கைப் பக்கத்திலிருந்து என் மாமியார் வந்தார். பத்து நாள் இருந்தார். புறப்படுகிற அன்று என்னிடம், "ஏத்தா, என் பேரன் என்கிட்ட என்ன சொல்றான்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்றுவரை அது மனதில் நிற்கிறது.

பிறகு இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்தோம். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருகிறதே, அந்த நிக்கோபார்த் தீவுகளில் ஒன்று இது. இங்கே பழங்குடி மக்கள் வீட்டில் நிக்கோபாரியம் பேசுகிறார்கள், கடையிலும் கப்பல் துறையிலும் ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலமும் ஹிந்தியும். என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று மொழிகளில் சண்டை போடுகிறார்கள். ஒருவரும் குழம்பியதாகத் தெரியவில்லை. "துஹெத்" என்று சொல்லும் அவர்களுடைய கூட்டுக் குடும்பத்தில் கைக்குழந்தை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போய்க்கொண்டே இருக்கும். எடுக்கிறவர்கள் எல்லோரும் அதனிடம் பேசுவார்கள். அதைப் பார்த்த பிறகுதான், எனக்கு யோசனை சொன்னவர் சொன்னது சரிதானா என்ற சந்தேகம் எனக்கு வந்தது.

பிறந்த குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் நம் பாட்டிமாருக்கு இருந்ததில்லை. மருத்துவ உலகத்துக்குத்தான் வெகுநாள் இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி வரை, பிறந்த சிசுவுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நினைத்து, மிகக் குறைந்த மயக்க மருந்தோடு அறுவை சிகிச்சை செய்வது பல மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் நடந்தது. அது தவறு என்று ஆராய்ச்சி செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் இந்தியாவிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கச் சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த் என்ற டாக்டர். 1987-இல் அவருடைய கட்டுரைகள் வெளிவந்த பிறகுதான் அந்த வழக்கம் மாறத் தொடங்கியது. வலிக்கே இந்த நிலைமை என்றால், குழந்தை என்ன கேட்கிறது, என்ன விரும்புகிறது என்பதை யார் கவனித்திருப்பார்கள்?

ஆனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதும் நியாயமான கேள்விதான். இரண்டு நாள் குழந்தையிடம் போய் "உனக்கு யார் குரல் பிடிக்கும்?" என்று கேட்க முடியுமா? கேட்க ஒரு வழியை அமெரிக்காவில் வடக்கு கரோலினாவைச் சேர்ந்த அந்தோணி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் வைத்திருந்தார்கள். 1980-இல் அவர்கள் வெளியிட்ட சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. கணக்கு டீச்சர் என்பதால் இப்படிப்பட்ட தந்திரங்கள் எனக்குப் பிடிக்கும்.

பிறந்து மூன்று நாள் ஆகாத பத்துக் குழந்தைகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ரப்பர் சூப்பான். அது ஒரு டேப் ரிக்கார்டருடன் இணைக்கப்பட்டிருந்தது. குழந்தை சப்பும்போது தொடர்ந்து சப்புவதில்லை. கொஞ்சம் சப்பும், நிறுத்தும், மறுபடி சப்பும். பால் கொடுத்த தாய்மார் எல்லோருக்கும் இது தெரியும். அந்த இடைவெளியைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இடைவெளியை நீட்டினால் தாயின் குரலில் ஒரு கதை கேட்கும். குறைத்தால் வேறொரு பெண்ணின் குரலில் அதே கதை கேட்கும். சில குழந்தைகளுக்கு இதையே தலைகீழாக வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெரும்பாலான குழந்தைகள் தாயின் குரல் வருகிற மாதிரித் தங்கள் சப்பலை மாற்றிக்கொண்டன! பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தைகள் தாயோடு இருந்த நேரமோ வெகு குறைவு. அப்படியானால் அந்தக் குரல் எங்கே பழக்கமாகியிருக்க வேண்டும்?

வயிற்றில்தான். ஏழாவது மாத வாக்கில் சிசு ஒலிக்கு அசைந்து கொடுக்கிறது. ஆனால் வெளியே நாம் கேட்பதுபோல் அதற்குக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு பேர் பேசுவது சுவர் வழியே நம் காதில் விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வார்த்தை புரியாது. ஆனால் பேசுவது கோபமா கொஞ்சலா, பேச்சு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது தெரியும். தாயின் உடலும் பனிக்குட நீரும் அந்தச் சுவர்போல் மெல்லிய உயர் ஒலிகளை வடிகட்டிவிடுகின்றன. ராகமும் தாளமும் மட்டும் உள்ளே போகின்றன. சுபத்திரையின் வயிற்றில் இருந்தே அபிமன்யு சக்கர வியூகம் கற்றான் என்ற கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வியூகத்தின் விவரம் உள்ளே போயிருக்க வழியில்லை. அதைச் சொன்னவர் குரலின் மேடு பள்ளம் போயிருக்கலாம்!

அந்த ராகத்தைக் கொண்டே குழந்தை மொழியையும் பிரித்து அறிகிறது என்பது அடுத்த கண்டுபிடிப்பு. 1988-இல் பாரிஸில் ழாக் மெஹ்லரும் உடன் உழைத்தவர்களும், நாலு நாள் வயதான பிரெஞ்சுக் குழந்தைகள் பிரெஞ்சையும் ரஷ்ய மொழியையும் வேறுபடுத்துகின்றன என்று காட்டினார்கள். 1993-இல் அமெரிக்காவில் இன்னொரு சோதனை: ஆங்கிலம் பேசும் தாய்க்குப் பிறந்த இரண்டு நாள் குழந்தை ஆங்கிலத்தையும், ஸ்பானிஷ் பேசும் தாய்க்குப் பிறந்தது ஸ்பானிஷையும் அதிகம் கேட்க விரும்பியது. பேசியது முன்பின் தெரியாத பெண்கள். எனவே இது தாயின் குரல் மேல் உள்ள ஆசை மட்டும் அல்ல; தாய்மொழியின் மேலும் உள்ள ஆசை.

அழுகையில்கூட இது தெரிகிறதாம். 2009-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் 30 பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகையையும் 30 ஜெர்மன் குழந்தைகளின் அழுகையையும் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். எல்லாம் பிறந்து ஐந்து நாளுக்குள் உள்ளவை. பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை தாழத் தொடங்கி மேலே ஏறியது. ஜெர்மன் குழந்தைகளுடையது மேலே தொடங்கிக் கீழே இறங்கியது. அந்தந்த மொழியின் பேச்சும் அப்படித்தான் என்கிறார்கள். இதைப் படித்த அன்று, தமிழ்க் குழந்தை எப்படி அழும் என்று நானும் என் கணவரும் ஆளுக்கொரு விதமாக அழுது பார்த்துச் சிரித்தோம்.

எனக்கு வேண்டிய விடை 2010-இல் கனடாவின் வான்கூவரில் நடந்த ஓர் ஆராய்ச்சியில் கிடைத்தது. கிறிஸ்டா பயர்ஸ்-ஹைன்லைன், ஜேனட் வெர்க்கர் முதலியோர் செய்தது. அங்கே பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறிய பல குடும்பங்கள் உண்டு. வீட்டில் தகாலோக், வெளியில் ஆங்கிலம். நம் கதைதான். கர்ப்ப காலத்தில் இரண்டு மொழியும் பேசிய தாய்மாரின் பச்சைக் குழந்தைகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டுப் பிறந்தவை ஆங்கிலத்தை விரும்பின. இரண்டும் கேட்டுப் பிறந்தவை இரண்டையும் ஒரே அளவில் விரும்பின. அப்படியானால் இரண்டும் ஒன்றுபோலக் குழம்பிக் கேட்கிறதோ? அதையும் சோதித்தார்கள். இல்லை; இது வேறு, அது வேறு என்று அந்தக் குழந்தைகள் பிரித்து அறிந்தன. பிறந்த சில நாளிலேயே!

அதோடு, இருமொழிக் குழந்தைகள் பேசத் தொடங்கும் வயது மற்றக் குழந்தைகளின் வயதோடு ஏறக்குறைய ஒத்தே இருக்கிறது. ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் சொற்கள் கொஞ்சம் குறைவாகத் தெரியும்; இரண்டிலும் சேர்த்து எண்ணினால் குறைவதில்லை. ஒரு குழந்தை பேசத் தாமதமானால் முதலில் பார்க்க வேண்டியது அதன் காது. எங்கள் பையனின் காதைச் சோதிக்கும்படி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. பிற்பாடு சோதித்ததில் காது நன்றாகவே இருந்தது. அவன் கொஞ்சம் மெதுவாகப் பேச ஆரம்பித்தவன், அவ்வளவுதான். தமிழுக்கும் அந்தத் தாமதத்துக்கும் சம்பந்தமே இல்லை.

காதைப் பற்றிச் சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அதில் ஒன்று முதல் மூன்று வரை குறிப்பிடத்தக்க காது கேளாமையோடு பிறக்கின்றன. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இந்த ஆபத்து கூடுதல். நம்மவர்களில் பலர் இங்கே வேலை பார்த்தாலும் ஊருக்குப் போய் உறவில்தான் பெண் எடுக்கிறோம். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே "ங்கா" சொல்லும், சிரிக்கும். அதனால் பெற்றவர்கள் ஏமாந்துபோகிறார்கள். குழந்தை தூங்கும்போதே காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் செய்யும் பரிசோதனை இருக்கிறது, வலி கிடையாது. ஒரு மாதத்துக்குள் இந்தச் சோதனை, சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் முழுச் சோதனை, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் நிபுணர்கள் சொல்லும் கணக்கு. நீங்கள் இருக்கும் இடத்தில் அந்த வசதி இல்லையென்றால், பெரிய ஊருக்குப் போகும் முதல் பயணத்திலேயே இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இன்னொன்று: குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விடுகிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அது வேண்டாம்.

மற்ற புலன்களை எடுத்துக்கொண்டால், பிறந்த குழந்தைக்குக் கண் மங்கலாகத்தான் தெரியும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளதுதான் கொஞ்சம் தெளிவு. மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. மூக்கு அதைவிடக் கெட்டி. எய்டன் மெக்ஃபார்லேன் என்பவர் 1975-இல் காட்டியபடி, ஆறு நாள் குழந்தை தன் தாயின் பால் வாசனை பட்ட துணிப் பக்கம் தலையைத் திருப்புகிறது. வேறு தாயின் துணிப் பக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை. தொடு உணர்ச்சிக்கு உயிரையே காக்கும் சக்தி இருக்கிறது. எடை குறைந்து பிறக்கும் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டி வைக்கும் "கங்காரு" முறை 1978-இல் கொலம்பியா நாட்டில் பொகோட்டாவில் ஆரம்பித்தது. 2021-இல் வெளியான ஐந்து நாட்டு ஆய்வில் டெல்லியின் சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் ஒன்று. நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே இப்படி வைத்ததால் முதல் 28 நாள் இறப்பு நூற்றுக்கு 15.7-இலிருந்து 12 ஆகக் குறைந்தது என்று கண்டார்கள்.

எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடவும் கூடாது. பெரியவர் நாக்கை நீட்டினால் பிறந்த குழந்தையும் நாக்கை நீட்டிக் காட்டும் என்று 1977-இல் அமெரிக்காவில் எழுதினார்கள், உலகமே வியந்தது. 2016-இல் ஆஸ்திரேலியாவில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பொறுமையாகச் செய்து பார்த்தபோது அப்படி ஒன்றும் தெரியவில்லை. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. மொஸார்ட் சங்கீதம் கேட்டால் குழந்தைக்கு மூளை வளரும் என்பது அதைவிட மோசம். 1993-இல் வந்த அந்த முதல் ஆராய்ச்சி கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது; அதில் குழந்தையே கிடையாது!

மொழிக்குத் திரும்புகிறேன். நமக்குக் காலம் எவ்வளவு இருக்கிறது? இதற்கும் அதே ஜேனட் வெர்க்கர் 1984-இல் ஒரு விடை தந்தார். "பத்து" என்பதில் உள்ள த ஒலி, "பட்டு" என்பதில் உள்ள ட ஒலி - இந்த இரண்டும் நமக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு இது காதில் ஏறுவதே கஷ்டம். ஹிந்தியின் இதே ஒலிகளை வைத்துச் சோதித்தபோது, ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் சுலபமாகப் பிரித்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறமை போய்விட்டது. ஹிந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்குப் போகவில்லை. கேட்காத ஒலியை முதல் பிறந்த நாளுக்குள் காது ஒதுக்கத் தொடங்கிவிடுகிறது!

ஹிந்தி சூழ்ந்த இடத்தில் வளரும் நம் பிள்ளைக்குத் த-வும் ட-வும் எப்படியும் தங்கிவிடும். ள-வும் ழ-வும் நாம் பேசினால்தான் அதன் காதுக்கு வரும். ழ-வைப் பற்றி நான் பெரிதாகப் பேசக்கூடாது. என் மாமியாரே "வாளப்பளம்" என்றுதான் சொல்வார். ஒதுக்கிய ஒலி ஒரேயடியாக அழிந்துபோவதும் இல்லை. பெரியவர்களும் பயிற்சி செய்து திரும்பக் கற்கலாம். கஷ்டம் அதிகம், அவ்வளவே. என் மூத்தவனுக்கு இது ஆறுதல்.

சரி, டி.வி.யில் நாள் முழுக்கத் தமிழ் ஓடுகிறதே, போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 2003-இல் சியாட்டில் நகரத்தில் பேட்ரிசியா குல் என்பவர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார். சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து பொம்மையைக் காட்டிப் பேசி விளையாடியது பன்னிரண்டு தடவை. அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளை நன்றாகக் கற்றன. அதே ஆட்கள் அதே அளவு பேசியதை டி.வி.யில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. ஆனால் திரையில் இருப்பவர் குழந்தையைப் பார்த்து, அது செய்வதற்குப் பதில் சொல்லிப் பேசினால் விஷயம் வேறு. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள் அப்படிப்பட்ட வீடியோ பேச்சிலிருந்து புதுச் சொற்களைக் கற்கின்றன என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. டி.வி. நமக்காகக் காத்திராது, அப்பத்தா காத்திருப்பார்.

எங்களுக்கு இதில் ஒரு பாக்கியம். முன்பு இந்தத் தீவில் போன் பேசுவதே பெரும்பாடு. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் போட்ட கேபிள் கார் நிக்கோபாருக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கேபிளில்தான் என் மாமியாரின் குரல் வருகிறது.

இளையவள் 2024-இல் இங்கேயே, பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். ரிச்சர்ட்சன் இந்தத் தீவின் மூஸ் கிராமத்துக்காரர். புதிய ஏற்பாட்டைத் தம் மக்களின் மொழியில் பெயர்த்தவர். தாய்மொழியைப் பற்றிப் படித்துக்கொண்டே அவர் பெயருள்ள ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் போய் வந்தது எனக்குப் பிடித்திருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தினமும் சாயங்காலம் மாமியாரோடு ஸ்பீக்கரில் பேசுவேன். ஊர்க்கதை, வெள்ளாமை, யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாம். வெளியிலிருந்து வரும் குரல் தாயின் குரல் அளவுக்கு உள்ளே போகாது என்று தெரியும். இருந்தாலும் பேசினோம். அவருக்கு நான் பதில் சொன்னது தமிழில்தானே!

பக்கத்து வீட்டு நிக்கோபாரிய அம்மாள் தினம் வந்து குழந்தையை எடுத்துக்கொண்டு தம் மொழியில் பேசுவார். முதல் நாள் என்னைப் பார்த்து, "நான் பேசலாமா?" என்று ஹிந்தியில் கேட்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இருந்த நானாக இருந்தால் தயங்கியிருப்பேன். தாராளமாகப் பேசுங்கள் என்றேன்.

மூத்தவன்தான் ஆச்சரியம். அவன் தமிழ் பேசக் கூச்சப்படுவான். தப்பாகச் சொன்னால் நாங்கள் சிரிப்போம் என்று பயம். தங்கையிடம் அந்தப் பயம் இல்லை. அவள் சிரித்தாலும் அது வேறு சிரிப்பு. போன வாரம் ஸ்பீக்கரில் அப்பத்தா கேட்டார்: "பாப்பா என்னய்யா பண்ணுது?" வழக்கம்போல் போனை என்னிடம் நீட்டப் போகிறான் என்று நினைத்தேன். நீட்டவில்லை. கொஞ்சம் யோசித்து, "பாப்பா... என்னை பாக்குது அப்பத்தா" என்றான். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் போனை எடுத்துப் பார்த்தேன். லைன் இருந்தது.